எண்ணெய் பூசியும் உளி ஏன் துருப்பிடிக்கிறது?

"எந்த எண்ணெய் நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டீர்கள். ஆனால் அதற்கு மேலே நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. அப்பாவின் தச்சுச் சாமான்களும் ஒரு ஸ்பானர் செட்டும். கரூரில் இருந்தவரை பல வருடம் துரு எட்டிப் பார்க்கவில்லை. திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு மாறினீர்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கட்டிச் சூடமும் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டு, மாடிப்படிக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் வைத்தீர்கள். மூன்றே மாதத்தில் உளி முகத்தில் பழுப்புப் புள்ளிகள், ஸ்பானர் வாயில் செம்பொடி. ஆக, "இவ்வளவு செய்தும் ஏன்?" என்பதுதான் கேள்வி. அதற்கு ஓர் எண்ணெயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த மூன்று மாதத்தில் திரும்பவும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத சங்கதிகள். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் தண்ணீரும் வேண்டும். ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். துருவுக்கு அது போதும். சுத்தமான இரும்புக்கு அந்த அளவு ஏறத்தாழ 60 சதவீதம். இங்கிலாந்தில் வெர்னான் என்ற ஆய்வாளர் 1920, 30-களில் செய்த சோதனைகளிலிருந்து இந்தக் கணக்கு வந்தது. இன்றைக்கும் சேமிப்புக் கிடங்குகளுக்கு அடிப்படை இதுதான். கரூர் பக்கம் வருடத்தில் பல மாதம் பகல் காற்று இந்த அளவுக்குக் கீழேயே இருக்கும். கடலோரச் சென்னையில் அப்படிப்பட்ட நேரம் குறைவு. அப்பா காலத்து இரும்பு உசத்தி என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரும்பு அதேதான், ஊர்தான் மாறியிருக்கிறது.

அடுத்தது உப்பு. உங்கள் பிரச்சினையின் ஆணிவேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. மழைக்காலத்தில் அடுப்படிக் கல் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கூடவே மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியும். அதாவது, கடல் உப்பு படிந்த இரும்பைப் பொறுத்தவரை 60 என்ற அந்தப் பாதுகாப்புக் கோடு கிடையாது. வெயில் கொளுத்தும் நாளிலும் அந்தத் துளி இடம் ஈரமாகவே இருக்கும். போதாததற்கு உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், குளோரைடு இரும்பின் மேல்தோலை ஓட்டை போடும். துரு படலமாக வராமல் புள்ளி புள்ளியாக, குழி குழியாக வருவது இதன் கைவரிசை.

இந்த உப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, கடற்காற்று. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இது வேகமாகக் குறையும். ஆனால் நான்கு தெரு என்பது தள்ளி இருப்பதாகக் கணக்கில் வராது. இரண்டு, உள்ளங்கை வியர்வை. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. லேத் பட்டறைகளில் சிலரை மட்டும் அளவுக் கருவிகளைத் தொட விடமாட்டார்கள். அவர்கள் கை பட்ட இடத்தில் மறுநாளே ரேகையோடு துரு நிற்கும். கைராசி என்று கேலி செய்வார்கள். அது வெறும் கேலி இல்லை, வியர்வையின் தன்மை ஆளுக்கு ஆள் உண்மையிலேயே மாறும். உங்கள் உளி முகத்துப் புள்ளிகள் விரல் நுனி அளவில், ஓரத்தில் வரிசையாக இருந்தால் எண்ணெய் பூசும்போது நீங்கள் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது மண்ணெண்ணெய்க்கு வருவோம். அது பழைய கிரீஸைக் கரைக்கும், பிசுக்கைக் கரைக்கும். உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். மண்ணெண்ணெயில் பளபளவென்று துடைத்த உளியில் உப்பு அப்படியே இருக்கிறது. அதன் மேல் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் படலம் கண்ணாடி மூடி மாதிரி அடைத்து நிற்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அதன் வழியாக நீராவியும் ஆக்சிஜனும் மெதுவாகப் போய்வரும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எண்ணெய், கீழே துரு. இதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே, துருவுக்குப் பயந்து வைத்திருக்கும் கருவியை முதலில் தண்ணீரில் கழுவ வேண்டும். கேட்க விபரீதமாக இருந்தாலும் முறை இதுதான். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோரத்து போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உள்ளதும் கெடும். ஆர்.ஓ. தண்ணீர் (வெளியே போகும் கழிவுத் தண்ணீர் இல்லை, குடிக்கும் தண்ணீர்) அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மண்ணெண்ணெயில் பிசுக்கைத் துடைத்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும், இரண்டு டீஸ்பூன், சுமார் 10 கிராம், சலவைச் சோடாவும் கலந்து, பழைய பல்துலக்கியால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். சலவைச் சோடா தண்ணீரைக் காரமாக்குவதால் கழுவும்போதே செம்மை ஏறாது. சமையல் சோடா வேறு, இது வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பிறகு சுத்தமான வெந்நீரில் ஒரு முறை அலசி, பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். வெந்நீர் எதற்கென்றால், இரும்பு சூடேறியிருந்தால் மிச்ச ஈரம் தானே பறந்துவிடும். மரக் கைப்பிடி உள்ளவற்றை முக்க வேண்டாம். அதே கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் இரும்பை மட்டும் மூன்று நான்கு முறை துடைத்து, கடைசியில் வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்தால் போதும்.

காயவைப்பதில் தாமதமும் வேண்டாம், அதிகச் சூடும் வேண்டாம். உளி, இழைப்புளித் தகடு போன்றவை பதம் வைத்த எஃகு. பெரும்பாலும் 180 முதல் 230 டிகிரி வரையிலான சூட்டில் பதம் இறக்கியிருப்பார்கள். கேஸ் அடுப்பில் காட்டினால் மெல்லிய முனை நொடியில் அதைத் தாண்டிவிடும், கூர் நிற்காது. ஹேர் டிரையர் அல்லது மதிய வெயில் போதும். கையில் பிடித்தால் இதமான சூடு இருக்க வேண்டும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் இளகிப் பரவும், நுண்குழிகளில் இறங்கும். இந்த நேரத்திலிருந்து வெறுங்கை படக்கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பனியன் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் என்ற உங்கள் கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. தேங்காய் எண்ணெய் அரிவாள்மனைக்குச் சரி. தினமும் எடுத்துப் புழங்கி, கழுவி, மறுபடி தடவுகிற பொருளுக்கு அது போதும். மாதக்கணக்கில் மூடிவைக்கும் பொருளுக்கு ஆகாது. ஈரம் சேர்ந்தால் அதில் கொழுப்பு அமிலங்கள் பிரியும், காறல் வாடை வரும். பித்தளைப் பூண் உள்ள கருவியில் பச்சைக் களிம்பு வருவதும் அதனால்தான். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் காற்றில் மெல்ல உறைந்து பிசின் மாதிரி ஒட்டும். பிளேயர் மூட்டு இறுகிப்போகும். தாவர எண்ணெய்களில் விளக்கெண்ணெய் தேவலை, உலராது, கெட்டியாக நிற்கும். வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் அதைப் பயன்படுத்தியதில் நியாயம் உண்டு. இன்றைக்குக் கனிம எண்ணெயே எல்லா வகையிலும் மேல். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, ஒரு மாதத்தில் வழிந்து இறங்கிவிடும். வாரா வாரம் எடுக்கும் கருவிகளுக்கு அது போதும். ஆறு மாதம் வைக்க வேண்டுமென்றால் பைக்குக்கு ஊற்றும் புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் நல்ல, மலிவான வழி. அதிலேயே துருத்தடுப்பு மருந்து கலந்திருக்கிறது. ஓடிக் கழித்த கறுப்பு ஆயிலை மட்டும் தொடாதீர்கள். எரிந்த பெட்ரோலின் அமிலமும் தண்ணீரும் அதில் இருக்கின்றன. துருவைத் தடுக்கப் போய்த் துருவைப் பூசுவீர்கள். தோலுக்கும் கெடுதல்.

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதாதா என்றும் தோன்றலாம். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தண்ணீரை விரட்டுவதற்காகவே உருவாக்கியது அது. பெயரே 'நீர் விலக்கி, 40-வது முயற்சி' என்பதன் சுருக்கம். அந்த வேலையை அழகாகச் செய்யும். அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான், மிஞ்சுவது மெல்லிய படலம். கழுவிய பிறகு பிளேயர் மூட்டு, ரெஞ்ச் திருகு போன்ற எட்டாத இடங்களில் தண்ணீரை வெளியேற்ற அதை அடியுங்கள், துடையுங்கள், அதன் மேல் கெட்டி எண்ணெய் வையுங்கள். அதை மட்டும் அடித்துவிட்டு மழைக்காலம் முழுக்கப் பெட்டியை மூடி வைப்பது சரிவராது.

உண்மையில் நீண்ட நாளுக்கு நான் எண்ணெயைவிட மெழுகுக் கலவையைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது வழியாது. 80 கிராம் பெட்ரோலியம் ஜெல்லியும் 20 கிராம் தேன்மெழுகும் எடுத்து, ஒரு பழைய டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிக்கும் தண்ணீருள்ள பாத்திரத்தில் வையுங்கள். தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகும். நேரடித் தீ தேவையே இல்லை. உருகியதும் கிளறி ஆறவிட்டால் களிம்பு. அறைச்சூட்டில் விரலால் எடுத்தால் இளகி, மேலே வைத்தால் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒழுகினால் மெழுகு கொஞ்சம் கூட்டுங்கள். இன்னும் ஒருபடி மேல், லேனோலின். செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. கடலோரத்தில் அது இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பது போல வேறு எதுவும் நிற்பதில்லை. 50 கிராம் லேனோலினை வெந்நீர்ப் பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, டப்பாவை வெளியே காற்றோட்டத்துக்குக் கொண்டுபோய், பெயின்ட் கடை டர்பன்டைன் 200 மில்லி கலந்து தூரிகையால் பூசுங்கள். டர்பன்டைன் ஆவி சுமார் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது, எரியும் அடுப்புப் பக்கம் அதைத் திறக்கவே கூடாது. சில மணி நேரத்தில் கரைப்பான் பறந்து மெல்லிய பிசுபிசுப்புத் தோல் மிஞ்சும். மறுபடி வேலைக்கு எடுக்கும்போது அதே டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் வந்துவிடும்.

செய்தித்தாள் விஷயத்துக்கு வருகிறேன். பலரும் செய்யும் தவறு இது. அந்தத் தாள் உறிஞ்சும் தாள். பூசிய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். வெறுமையான இரும்பின் மேல் பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு ஒட்டிக் கிடக்கும். போதாக்குறைக்கு அந்தக் காகிதம் நாளாக ஆக அமிலத் தன்மையடையும். மஞ்சளாகி நொறுங்குவது அதனால்தான். சாக்கு, பஞ்சு, ஸ்பாஞ்சு எல்லாம் இதே கதைதான். ஸ்பாஞ்சில் கருவி வடிவத்துக்குக் குழி வெட்டி அழகாக வைப்பது வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க நன்றாக இருக்கும். நம் ஊரில் அது ஈரத்தொட்டில். தோலுறையும் ஆகாது, பதனிட்ட உப்பும் அமிலமும் தோலில் தங்கியிருக்கும். எண்ணெய் உறிஞ்சாத மெழுகுத்தாள் அல்லது பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே பாலித்தீன் பை போடுங்கள். பையை மூடுவதற்கு மழையில்லாத நாளின் பின்மதியம் நல்ல நேரம், அப்போதுதான் காற்று ஓரளவு காய்ந்திருக்கும். விடியற்காலையில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியதாகும்.

பெட்டி இருக்கும் இடத்தை நீங்கள் மாற்றியே ஆக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இன்னும் என்னென்ன இருக்கின்றன? எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கமாக இருப்பவை டாய்லெட் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், இன்வெர்ட்டர் பேட்டரி, செடிக்கு வாங்கிய உரம். ஆசிட் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும். பிளீச்சிங் பவுடர் குளோரின் விடும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது கந்தக அமிலச் சாரல் மிக நுண்ணியதாக வெளிவரும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் மேலே சொன்ன எண்ணெய், மெழுகு எதுவும் நெடுநாள் தாங்காது. ஆசிட் பாட்டிலை எடுத்து வைத்த மாத்திரத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. பெட்டியில் எங்காவது சந்து அடைக்க வேண்டுமானால் காடி வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் வேண்டாம். அந்த வாடையே அசிட்டிக் அமிலம்தான். தரையும் சுவரும் ஈரம் விடும் என்பதால் பெட்டியை அரை அடி உயரத்தில், சுவரைத் தொடாமல் வையுங்கள்.

தரைத்தளத்து மூலை இன்னொரு விதத்திலும் கெடுதல். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி கோக்கும். நான்கே டிகிரி வித்தியாசம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனமான இரும்பு, காலையில் ஈரக்காற்று உள்ளே வரும்போது இன்னும் குளிர்ந்தே இருக்கும். அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த கருவிக்கும் இதே கதி. வெப்பம் அதிகம் ஏறி இறங்காத உள்ளறை அலமாரி நல்லது. பழைய பட்டறைகளில் இரும்பு பீரோவுக்குள் 15 வாட் குண்டு பல்பு எரியவிடுவார்கள். மூடநம்பிக்கை இல்லை: உள்காற்றை 5 டிகிரி சூடாக்கினால் அதே 80 சதவீதம் சுமார் 61-க்கு இறங்கிவிடும். ஆனால் எண்ணெய்த் துணி பல்பைத் தொட்டால் தீ, எல்.இ.டி. பல்போ போதிய சூடு தராது. அதனால் இதை நான் வற்புறுத்தவில்லை.

சிலிக்கா ஜெல் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். உங்கள் டிரங்குப் பெட்டியை விட்டு, ரப்பர் ஓரம் வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டோம் என்று வையுங்கள். 30 டிகிரி, 80 சதவீதக் காற்றில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் சுமார் அரை கிராம். அவ்வளவுதான். ஆனால் அதே பெட்டியில் உளி, சுத்தியல், ரம்பம் என்று ஒரு கிலோ மரக் கைப்பிடி இருக்கிறது. கடலோரக் காற்றில் கிடந்த மரம் தன் எடையில் 13, 14 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். பெட்டியை 40 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவர நினைத்தால் மரம் ஏழெட்டு சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அறுபது கிராம் தண்ணீர் வெளியே வரும். காற்றிலிருப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல். சிலிக்கா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் கால் பங்குதான் பிடிக்கும், ஆகவே கால் கிலோ வேண்டும். செருப்புப் பெட்டியில் வந்த இரண்டு கிராம் பொட்டலம், அதுவும் கடையிலேயே ஈரம் குடித்து நிறைந்தது, என்ன செய்யும்? இன்னொன்று: மரம் அவ்வளவு காய்ந்தால் சுருங்கும், சுத்தியல் தலை ஆடும். எனவே கைப்பிடி உள்ள சாமான்களுக்கு மெழுகுக் களிம்பை நம்புங்கள். ஸ்பானர், சாக்கெட், வெர்னியர், டிரில் பிட் போன்ற முழு இரும்புச் சாமான்களைத் தனிப் பெட்டியில் போட்டு, அதில் 100 கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறைந்ததும் 120 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். மொட்டைமாடி வெயில் பாதிதான் காயவைக்கும். நீலத்திலிருந்து ரோஜாநிறமாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சு. ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையோ வெள்ளையோ வாங்குங்கள். பீரோவில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பைகளை மட்டும் கருவிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அவை இழுத்த ஈரம் அடியில் உப்புத் தண்ணீராகத் தேங்கும். ஒரு முறை கவிழ்ந்தால் கதை முடிந்தது.

விசிஐ தாள் என்று ஒன்று உண்டு, மெஷின் பாகங்கள் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் சுற்றி அனுப்புவது. அதில் பூசிய மருந்திலிருந்து எழும் ஆவி இரும்பின் மேல் படிந்து துருவைத் தடுக்கும். மூடிய பெட்டியில் நன்றாக வேலை செய்யும், திறந்த அலமாரியில் ஆவி பறந்துபோய்த் தாள்தான் மிஞ்சும். பூச்சு உள்ள பக்கம் கருவியைப் பார்த்து இருக்க வேண்டும். தாளுக்கும் இரும்புக்கும் இடைவெளி ஒரு அடிக்குள் இருக்கட்டும். செம்பு, பித்தளைக்குச் சில வகைகள் ஒத்துவராது, வாங்கும்போதே கேளுங்கள். களிம்பு தடவிய கருவிக்கு இது தேவையில்லை. இதற்கு உரிய இடம் அரம்தான். அரத்தில் எண்ணெய் பட்டால் பல் பிடிக்காமல் வழுக்கும். எண்ணெய் பூசாமலும் விட முடியாது, துரு முதலில் தின்பது பல் நுனியைத்தான். அரத்தைக் கம்பி பிரஷால் பல்லின் சரிவோடு துடைத்து, ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொன்றாக விசிஐ தாளில் சுற்றுங்கள்.

மற்றவற்றில் கவனிக்க வேண்டியவை சில. இழைப்புளியின் தகட்டையும் அதன் மேல் தகட்டையும் பிரித்து வையுங்கள். இரண்டு இரும்பு முகங்கள் நெருங்கி நிற்கும் சந்தில் ஈரம் தானே ஏறி உட்காரும், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்திருக்கும். இழைப்புளி அடிப்பாகத்துக்கும் ரம்பத்துக்கும் எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை ஏறும். வெறும் மெழுகைத் தேய்த்துப் பனியன் துணியால் மெருகேற்றுங்கள். சிலிக்கோன் ஸ்பிரே தச்சுச் சாமான் பக்கமே வரக்கூடாது. அது மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் அங்கங்கே விலகி மீன்கண் மாதிரி வட்டம் விழும். சுத்தியல் முகத்தைத் துடைத்த பிறகே வேலைக்கு எடுங்கள், வழுக்கும். குரோம் பூசிய ஸ்பானருக்குத் துரு வராது என்பது பாதி உண்மை. வாய்ப் பகுதியில் பூச்சு தேய்ந்திருக்கும், உங்கள் செம்பொடி அங்கேதான். கறுப்பாக இருக்கும் சாக்கெட்டுகளின் கறுப்பு வெறும் ஆக்சைடு தோல். எண்ணெயைப் பிடித்துவைக்க மட்டுமே அது உதவும்.

இப்போது வந்திருக்கும் துருவை எடுக்காமல் மேலே பூசினால் பயனில்லை, துருவின் அடியில் குளோரைடு பதுங்கியிருக்கும். மேலோட்டமானதை 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகும். ஆழமானதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், எலுமிச்சை உப்பு என்று கடைகளில் கிடைப்பது, கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரம். இரவு முழுக்க மறந்து விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங், ரம்பத் தகடு போன்ற கடினமான மெல்லிய எஃகை அமிலத்தில் போடவே வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் அபாயம் உண்டு. எடுத்ததும் சலவைச் சோடாக் கரைசலில் ஐந்து நிமிடம், வெந்நீர் அலசல், காயவைத்தல், களிம்பு. இடையில் டீ குடிக்கப் போனால்கூட மஞ்சள் தட்டிவிடும். துரு போன இடம் சாம்பலாக, கறுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் பழுப்பு ஒட்டவில்லை என்றால் அது செத்த துரு. நீங்கள் படம் போடவில்லை என்பதால் குழிகள் எவ்வளவு ஆழம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உளியின் தட்டையான பின்முகத்தில், கூர்முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் குழி இருந்தால் சாணைக்கல்லில் அந்த இடம் தாண்டும்வரை தேய்த்தால்தான் கூர் நேராக வரும்.

சூடம், சாக்பீஸ், அடுப்புக்கரி, அரிசி பற்றிப் பலரும் சொல்வார்கள். சாக்பீஸும் அரிசியும் பிடிக்கும் ஈரம் சொற்பம், ஓரிரு நாளில் நிறைந்து நின்றுவிடும். கரி கொஞ்சம் மேல், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சூடத்தின் ஆவி இரும்பைக் காக்கும் என்பது பட்டறைகளில் தலைமுறையாக வரும் நம்பிக்கை. வைத்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். டெல்லி இரும்புத் தூணைக் காட்டி யாராவது வாதாடினால், அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிக அதிகம், அது தானே ஒரு காப்புத்தோலை உண்டாக்கிக்கொண்டது, டெல்லிக் காற்றும் காய்ந்தது என்று சொல்லுங்கள். உங்கள் உளியில் அந்த பாஸ்பரஸ் கிடையாது, இருந்தால் உளி உடைந்துபோகும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். தை பிறந்ததும் ஒரு முறை பாருங்கள். இடையில் வேவு பார்க்க ஒரு வழி உண்டு. முலாம் பூசாத சாதாரண கம்பி ஆணி ஒன்றை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, வெறுங்கை படாமல், எண்ணெய் இல்லாமல் பெட்டிக்குள் ஒரு ஓரத்தில் போட்டு வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதையும் ஒரே ஒரு உளியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆணியும் உளியும் சுத்தமாக இருந்தால் பெட்டியை மூடிவிடலாம். ஆணி துருப்பிடித்து உளி நன்றாக இருந்தால் பெட்டிக்குள் ஈரமோ அமில ஆவியோ புகுகிறது, களிம்பு மட்டும்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது, இடத்தை மாற்றுங்கள். ஆணி பளபளத்து உளியில் மட்டும் புள்ளி வந்தால், கழுவியதில் உப்பு போகவில்லை. அந்த உளியை மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.